பச்சோந்திக்குப் பாதுகாப்பான கூண்டு: டைமர் இயக்கட்டும், கம்ப்யூட்டர் கவனிக்கட்டும்

நம் ஊரில் பச்சோந்தி என்றால் தேர்தலுக்குத் தேர்தல் கட்சி மாறுகிறவர்தான் முதலில் நினைவுக்கு வருவார். இந்தக் கட்டுரை நிஜமான பச்சோந்தியைப் பற்றியது. கம்ப்யூட்டர் இதழில் பச்சோந்திக்கு என்ன வேலை என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன்.

நான் அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில், டாலஸ் நகருக்கு அருகே சாப்ட்வேர் என்ஜினியராக வேலை பார்க்கிறேன். என் வீட்டில் பிக்சல் என்ற பெயரில் ஓர் ஆண் பச்சோந்தி வளர்கிறது. அதன் கூண்டைச் சுற்றி இரண்டு விளக்குகள், ஒரு பம்ப், டைமர்கள், தெர்மோஸ்டாட், சென்சார், டேட்டா லாகர் என்று என் கம்ப்யூட்டர் டேபிளில் இருப்பதைவிட அதிகமான ஒயர்கள் ஓடுகின்றன. இவற்றில் எதை எதற்குப் பயன்படுத்துவது என்று தெரியாமல் ஒருமுறை பிக்சலைச் சாகும் நிலைவரை கொண்டுபோய் விட்டேன். அந்த அனுபவத்தையும் சேர்த்து, பாதுகாப்பான கூண்டை எப்படி அமைப்பது, அதில் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு என்ன வேலை என்று படிப்படியாகப் பார்ப்போம்.

முதலில் ஓர் எச்சரிக்கை

இதைப் படித்துவிட்டு வேலியோரம் போகிற பச்சோந்தியைப் பிடித்து வந்துவிடாதீர்கள். நம் நாட்டுப் பச்சோந்தி 1972-ம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்ட பிராணி. அதைப் பிடிப்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம்.

வெளிநாட்டுப் பச்சோந்தி என்றாலும் கட்டுப்பாடு உண்டு. அரிய உயிரினங்களின் வணிகத்தை முறைப்படுத்தும் சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் பட்டியலில் பெரும்பாலான பச்சோந்தி இனங்கள் இருக்கின்றன. இந்தப் பட்டியலில் உள்ள பிராணிகளை இந்தியாவில் வைத்திருப்பவர்கள், 2024-ல் வந்த விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். ஆகவே வாங்கும் முன் சட்டத்தைப் பாருங்கள்.

"எனக்குப் பச்சோந்தி வேண்டாம்" என்பவர்களும் தொடர்ந்து படிக்கலாம். ஹீட்டர் போட்ட மீன் தொட்டி, விளக்கு போட்ட கோழிக்குஞ்சுப் பெட்டி என்று மின்சாரத்தை நம்பி உயிர் வாழும் எந்தப் பிராணிக்கும் இதே கணக்குதான்.

பச்சோந்திக்கு என்ன தேவை?

பிக்சல் முக்காடு பச்சோந்தி வகையைச் சேர்ந்தது. ஆங்கிலத்தில் வெய்ல்டு கெமிலியன் என்பார்கள். தலையில் முக்காடு போட்டதுபோல் உயரமான கொண்டை இருப்பதால் இந்தப் பெயர். ஏமன் நாடும், சவூதி அரேபியாவின் தென்மேற்குப் பகுதியும் இதன் தாயகம். ஆண் பச்சோந்தி வால் நுனி வரை ஒன்றரை அடிக்கு மேல் வளரும். அமெரிக்காவில் பண்ணைகளிலேயே குஞ்சு பொரித்து வளர்த்து விற்கிறார்கள். காட்டில் பிடித்ததை வாங்காமல், இப்படி வளர்த்ததை வாங்குவதே நல்லது.

பச்சோந்தி சுற்றியுள்ள பொருளின் நிறத்துக்கு ஏற்ப மாறும் என்பது பாதி உண்மைகூட இல்லை. வெப்பம், வெளிச்சம், பயம், கோபம் இவற்றுக்கு ஏற்பவே அதன் நிறம் பெரும்பாலும் மாறுகிறது. தோலில் உள்ள நுண்ணிய படிகங்களின் இடைவெளி மாறுவதே இதற்குக் காரணம் என்று ஜெனீவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-ல் கண்டறிந்தார்கள். நமக்கு இது ஒரு வகையில் வசதி. கம்ப்யூட்டரில் எரர் மெசேஜ் வருவதுபோல, பச்சோந்தி வெகுநேரம் கறுத்துப்போய் இருந்தால் ஏதோ சரியில்லை என்று அர்த்தம். குளிராக இருக்கலாம், பயமாக இருக்கலாம், நோயாகவும் இருக்கலாம்.

அதற்குத் தேவையானவை ஐந்து: உயரம், காற்றோட்டம், வெயிலுக்குப் பதிலாக விளக்கு, இலையில் தண்ணீர்த் துளி, தனிமை. ஒரு கூண்டில் ஒரு பச்சோந்திதான். "துணைக்கு இன்னொன்று" என்று சேர்த்து விட்டால் சண்டை வரும். சண்டை வராவிட்டாலும் பயத்திலேயே ஒன்று சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு மெலியும்.

கூண்டை அமைத்தல்

வளர்ந்த ஆண் பச்சோந்திக்குக் கூண்டு குறைந்தது 2 அடி அகலம், 2 அடி ஆழம், 4 அடி உயரம் இருக்க வேண்டும். பக்கங்கள் கம்பி வலையாக இருப்பது நல்லது. துருப்பிடிக்காத, பெயின்ட் பூச்சுள்ள அலுமினிய வலையைப் பயன்படுத்துகிறார்கள். பழைய மீன் தொட்டியைக் கூண்டாக்கினால் மூன்று தொல்லைகள்: உயரம் போதாது, காற்று தேங்கும், கண்ணாடியில் தன் உருவத்தையே எதிரி என்று நினைத்துப் பச்சோந்தி மிரளும்.

கூண்டைத் தரையில் வைக்காதீர்கள். பச்சோந்திக்கு மேலே இருந்து வரும் எதுவும் எதிரிதான். ஒரு ஸ்டாண்டின் மேல் வைத்து, அது உட்காரும் கிளை நம் தலை உயரத்துக்கு மேலே இருக்கும்படி செய்யுங்கள். ஆட்கள் அடிக்கடி நடக்கும் வழி, டி.வி.க்குப் பக்கம், ஏ.சி. காற்று நேரே வீசும் இடம் ஆகியவற்றைத் தவிர்க்கவும்.

உள்ளே கட்டை விரல் பருமன் முதல் சுண்டு விரல் பருமன் வரை பலவிதக் கிளைகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டுங்கள். நடுவில் நிஜமான செடிகளை வையுங்கள். மணி பிளான்ட், செம்பருத்தி, குடை மரச் செடி எனப்படும் ஷெப்லெரா ஆகியவை வழக்கமாக வைக்கப்படுபவை. முக்காடு பச்சோந்தி இலைகளையும் கடித்துத் தின்னும். ஆகவே பூச்சி மருந்து அடித்த செடி கூடாது. அரளி போன்ற விஷச் செடிகள் கூடவே கூடாது.

தரையில் மரத்தூள், சரளைக்கல் எதுவும் போட வேண்டாம். நாக்கை நீட்டிப் பூச்சி பிடிக்கும்போது அதுவும் சேர்ந்து வயிற்றுக்குள் போகும். வெறும் தட்டு போதும். பெண் பச்சோந்தி என்றால் மட்டும் ஒரு விதிவிலக்கு. ஆணோடு சேராமலே அது முட்டையிடும். தோண்டுவதற்கு ஈரமான மணல் நிரம்பிய ஆழமான தொட்டி இல்லாவிட்டால் முட்டை உள்ளேயே தங்கி உயிருக்கு ஆபத்தாகிவிடும்.

இரண்டு விளக்குகள், இரண்டு வேலைகள்

புதிதாக வளர்ப்பவர்கள் குழம்புவது இங்கேதான். ஒரு விளக்கு வெப்பத்துக்கு, இன்னொன்று புற ஊதா வெளிச்சத்துக்கு. ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது.

வெப்ப விளக்கு கூண்டின் மேல் ஒரு மூலையில் இருக்க வேண்டும். அதன் கீழ் உள்ள கிளையில் வெப்பநிலை 29 முதல் 31 டிகிரி செல்சியஸ். கூண்டின் மற்ற பகுதிகள் 22 முதல் 26 டிகிரி. இரவில் விளக்கே வேண்டாம், 18 டிகிரி வரை குறைந்தாலும் நல்லதுதான். சூடு வேண்டுமென்றால் மேலே வரும், போதும் என்றால் கீழே இறங்கும். இந்த ஏற்ற இறக்கம்தான் பச்சோந்தியின் உடம்புக்கு ஏ.சி. விளக்கு எப்போதும் கூண்டுக்கு வெளியே, வலைக்கு மேலே இருக்க வேண்டும். கொண்டை வலையைத் தொடும் அளவுக்குக் கிளை உயரமாக இருந்தால் தோல் வெந்துவிடும்.

யு.வி.பி. எனப்படும் புற ஊதாக் கதிர் தோலில் பட்டால்தான் பச்சோந்தி வைட்டமின் டி-3 தயாரிக்கும். அது இருந்தால்தான் உணவில் உள்ள கால்சியம் எலும்பில் சேரும். இல்லாவிட்டால் எலும்பு மெழுகுபோல் வளையும் நோய் வரும். ஜன்னலோரம் வைத்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. சாதாரண ஜன்னல் கண்ணாடி இந்தக் கதிரைத் தடுத்துவிடும். ஆகவே டி5 ஹெச்.ஓ. வகை நீளக் குழல் விளக்கில் 5 அல்லது 6 சதவீத யு.வி.பி. உள்ளதை வாங்குங்கள். கிளையில் உட்கார்ந்த பச்சோந்தியின் முதுகு விளக்கிலிருந்து சுமார் 20 முதல் 25 சென்டிமீட்டர் தூரத்தில் இருக்கட்டும். யு.வி. இண்டெக்ஸ் மீட்டர் கிடைத்தால் அந்த இடத்தில் 3 என்று காட்ட வேண்டும்.

ஒரு முக்கியமான விஷயம். இந்தக் குழல் விளக்கு பல ஆண்டுகள் எரியும். ஆனால் யு.வி.பி. சுமார் ஓராண்டிலேயே குறைந்துவிடும். கண்ணுக்கு வெளிச்சம் அப்படியே தெரியும், கதிர் மட்டும் இருக்காது. மாட்டிய தேதியை விளக்கின் ஓரத்திலேயே எழுதி ஒட்டுங்கள். கம்ப்யூட்டர் காலண்டரில் 11 மாதம் கழித்து ஒரு ரிமைண்டர் போட்டு வையுங்கள்.

தண்ணீர்

கிண்ணத்தில் தேங்கிய தண்ணீரைப் பச்சோந்தி பெரும்பாலும் தண்ணீர் என்றே கண்டுகொள்ளாது. இலையில் உருளும் துளியைத்தான் குடிக்கும். காலையில் விளக்கு எரியும் முன்பும், இரவில் விளக்கு அணைந்த பின்பும் இரண்டு நிமிடம் பனிபோல் தண்ணீர் தெளிக்க வேண்டும். ஸ்ப்ரே பாட்டிலால் தெளிக்கலாம், அல்லது சிறு பம்பும் நாஸிலும் வைக்கலாம். பகலில் கூண்டு நன்றாகக் காய வேண்டும். எப்போதும் ஈரமாகவே இருந்தால் நுரையீரலில் தொற்று வரும்.

இரவில் மீந்த பூச்சிகளை வெளியே எடுத்துவிடுங்கள். தூங்கும் பச்சோந்தியைச் சில் வண்டுகள் கடிக்கும்.

ஒயரிங்: தண்ணீரும் மின்சாரமும் ஒரே இடத்தில்

விளக்குகளுக்குப் பீங்கான் ஹோல்டர் மட்டுமே. பிளாஸ்டிக் ஹோல்டர் சூட்டில் உருகும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தரையில் போடாமல் சுவரில் மாட்டுங்கள். ஒவ்வொரு ஒயரும் பிளக்கில் நுழைவதற்கு முன் பிளக்கைவிடக் கீழே தொங்கி, பிறகு மேலே ஏறட்டும். ஒயர் வழியாக வரும் தண்ணீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும், பிளக்குக்குப் போகாது. மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. உள்ள இணைப்பில் மட்டுமே இவற்றைச் செருகுங்கள். கம்ப்யூட்டருக்கும் கூண்டுக்கும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம்.

நான் செய்த தவறு

இதுவரை சொன்னதை எல்லாம் நானும் சரியாகவே செய்திருந்தேன். தவறு வேறு இடத்தில் நடந்தது.

சாப்ட்வேர் ஆசாமி அல்லவா? ஐந்நூறு ரூபாய் டைமரெல்லாம் நமக்கெதற்கு என்று நினைத்து இரண்டு விளக்குகளையும் பம்பையும் வை-பை ஸ்மார்ட் பிளக்குகளில் மாட்டினேன். காலை 6.30-க்குப் பம்ப், 7 மணிக்கு விளக்கு, இரவு 7 மணிக்கு விளக்கு அணைய வேண்டும், 7.30-க்கு மறுபடி பம்ப். எல்லாம் செல்போனிலேயே. நண்பர்களுக்கு அடிக்கடி அதைக் காட்டிப் பெருமைப்பட்டதும் உண்டு.

2024 லேபர் டே விடுமுறைக்குச் சனிக்கிழமை காலை ஹூஸ்டனில் உள்ள நண்பர் வீட்டுக்குக் கிளம்பினேன். வீட்டில் யாரும் இல்லையே, மின் கட்டணம் மிச்சமாகட்டும் என்று ஏ.சி.யை 24-லிருந்து 28 டிகிரிக்கு மாற்றிவிட்டுப் போனேன். நண்பகலில் வீட்டு இன்டர்நெட் இணைப்பு போய்விட்டது. மாலையில் செல்போனைப் பார்த்தால் "டிவைஸ் ஆப்லைன்" என்று காட்டியது. நெட் இல்லை, அவ்வளவுதானே, விளக்கு தன்பாட்டுக்கு அணையும் என்று நினைத்துக்கொண்டேன்.

அணையவில்லை. நான் வாங்கிய பிளக்கின் அட்டவணை பிளக்குக்குள் இல்லை. எங்கோ இருக்கும் சர்வரில் இருந்தது. "அணை" என்ற கட்டளை வீட்டுக்கு வந்து சேரவே இல்லை. பம்புக்கு "ஓடு" என்ற கட்டளையும் வரவில்லை.

திங்கள் மாலை 6 மணிக்குக் கதவைத் திறந்தபோது பிக்சல் கூண்டின் அடியில், தொட்டிக்குப் பின்னால், கரிபோல் கறுத்துக் கிடந்தது. கண்கள் குழிவிழுந்து இருந்தன. கையை நீட்டினால் வழக்கமாகச் சீறும், அன்று சீறவில்லை. உடனே ஊர்வனவற்றைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் ஓடினேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "எத்தனை டிகிரியில், எத்தனை மணி நேரம் இருந்தது?"

பதில் என்னிடம் இருந்தது. கூண்டில் நான் வைத்திருந்த டேட்டா லாகரைக் கழற்றிக் கையோடு கொண்டுபோயிருந்தேன். லேப்டாப்பில் செருகிப் பார்த்தோம். வழக்கமாகப் பகலில் 31, இரவில் 21 என்று மலையும் பள்ளமுமாகப் போகும் கோடு, சனிக்கிழமைக்குப் பிறகு 35 டிகிரியில் மேஜைபோல் சமமாக நின்றது. சனி காலை 7 முதல் திங்கள் மாலை 6 வரை மொத்தம் 59 மணி நேரம். கடைசியாகத் தண்ணீர் தெளித்தது சனி காலை 6.30-க்கு.

ஊசி மூலம் நீர் ஏற்றினார்கள். பத்து நாள் கழித்துத்தான் பிக்சல் முதல் பூச்சியைப் பிடித்தது. அன்றிரவு எல்லா ஸ்மார்ட் பிளக்குகளையும் கழற்றினேன்.

லாகர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு, ஒன்று விடாமல் எழுதிக்கொண்டு இருந்தது. அதுதான் அதன் வேலை, அதில் அது தவறவில்லை. காவல் காக்கும் வேலையை எதற்குக் கொடுக்கக் கூடாதோ அதற்குக் கொடுத்த தவறு என்னுடையது.

மூன்று விதிகள்

விதி 1: உயிர் காக்கும் வேலை எளிய கருவிக்கு. விளக்குகளும் பம்பும் இப்போது சாதாரண டைமர்களில் ஓடுகின்றன. நெட், பாஸ்வேர்டு, அப்டேட் எதுவும் வேண்டாம். டைமர் வாங்கும்போது உள்ளே பாட்டரி உள்ள டிஜிட்டல் வகையாகப் பாருங்கள். சக்கரம் சுற்றும் பழைய வகை, மின்சாரம் போனால் நின்றுவிடும். இரண்டு மணி நேரம் கரன்ட் போனால், அதன்பின் விளக்கு இரண்டு மணி நேரம் தாமதமாகவே எரிந்து தாமதமாகவே அணையும்.

விதி 2: கருவி பழுதானாலும் பாதிப்பு ஓர் எல்லைக்குள் நிற்க வேண்டும். என் பழைய விளக்கு அறை வெப்பத்தோடு 7 டிகிரியைக் கூட்டியது. அறை 24 என்றால் 31, அறை 28 என்றால் 35. இப்போது வாட்ஸ் குறைந்த விளக்கு போட்டிருக்கிறேன். அது 5 டிகிரி மட்டுமே கூட்டுகிறது. ஏ.சி.யை 26-க்கு மேல் வைப்பதில்லை. டைமர் பழுதாகி விளக்கு இரவு முழுவதும் எரிந்தாலும் 31-ஐத் தாண்டாது. ஏ.சி.யே நின்றுபோனால்? அதற்குத்தான் தெர்மோஸ்டாட். 33 டிகிரி ஆனதும் அது விளக்கைத் துண்டித்துவிடும். பம்புக்கும் இதே கணக்கு. கூண்டின் கீழ்த் தட்டு எவ்வளவு தண்ணீர் கொள்ளுமோ அதைவிடக் குறைவாகவே டாங்க்கில் ஊற்றுகிறேன். பம்ப் நிற்காமல் ஓடினாலும் வீடு நனையாது.

விதி 3: கம்ப்யூட்டர் கவனிக்கட்டும், மனிதர் முடிவெடுக்கட்டும். வெப்பநிலை எல்லை தாண்டினால் செல்போனுக்குச் செய்தி அனுப்பும் சென்சார் ஒன்றை வைத்திருக்கிறேன். செய்தி வந்தாலும், சென்சார் "ஆப்லைன்" என்று காட்டினாலும் எனக்கு அர்த்தம் ஒன்றுதான்: யாராவது நேரில் போய்ப் பார்க்க வேண்டும். நான் ஊரில் இல்லாதபோது பக்கத்து பிளாட் நண்பரிடம் சாவி இருக்கும்.

யு.பி.எஸ். போட்டால் போதாதா என்று கேட்பீர்கள். கம்ப்யூட்டர் யு.பி.எஸ்.களில் பரவலாக உள்ள 12 வோல்ட், 7 ஆம்பியர்-ஹவர் பாட்டரியில் மொத்தம் 84 வாட்-ஹவர் மின்சாரம் இருக்கும். 60 வாட்ஸ் வெப்ப விளக்குக்கு அது கணக்குப்படி ஒன்றரை மணி நேரம்கூட வராது, நடைமுறையில் இன்னும் குறையும். 2021 பிப்ரவரியில் டெக்சாஸில் வீசிய பனிப்புயலில் லட்சக்கணக்கான வீடுகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படிப்பட்ட நேரத்தில் உதவுவது யு.பி.எஸ். அல்ல. காற்றுத் துளையுள்ள சிறு பெட்டி, போர்வை, வெதுவெதுப்பான இன்னொரு வீடு இவைதான். மின்வெட்டில் விளக்கு அணைவது பெரிய ஆபத்து அல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். வீடு மிகவும் குளிராதவரை ஓரிரவு விளக்கின்றிப் பச்சோந்தி தாங்கும். அணையாத விளக்குதான் ஆபத்து.

கம்ப்யூட்டரில் பதிவைப் பார்க்கும் முறை

யு.எஸ்.பி. டேட்டா லாகர் என்பது பென் டிரைவ் போன்ற சிறு கருவி. குறித்த இடைவெளியில் வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் அளந்து தனக்குள்ளேயே பதிந்து வைக்கும். ஒயர் முனையில் சென்சார் உள்ளதாக வாங்கினால் லாகரைக் கூண்டுக்கு வெளியே, தண்ணீர் படாத இடத்தில் வைக்கலாம். சென்சார் முனையைப் பச்சோந்தியின் தலை இருக்கும் உயரத்தில் கிளையோடு சேர்த்துக் கட்டுங்கள். பிறகு கீழ்க்கண்டபடி செய்யவும்.

1. லாகரைக் கம்ப்யூட்டரில் செருகி, அதனுடன் வரும் மென்பொருளில் தேதி, நேரத்தைச் சரிசெய்யவும். பதிவு இடைவெளியை 10 நிமிடம் என்று வைக்கவும். ஒரு நாளைக்கு 144 பதிவுகள், ஒரு வாரத்துக்கு 1,008 பதிவுகள் கிடைக்கும்.

2. டாக்குமெண்ட்ஸ் போல்டருக்குள் "கூண்டு" என்று ஒரு போல்டர் உருவாக்கவும். வாரம் ஒருமுறை லாகரில் உள்ள சி.எஸ்.வி. பைலை அதில் காப்பி செய்யவும். பைலின் பெயரில் முதலில் ஆண்டு, பிறகு மாதம், பிறகு தேதி என்று எண்ணில் கொடுங்கள். அப்போதுதான் பைல்கள் தானாகவே கால வரிசையில் நிற்கும்.

3. பைலின் மேல் டபுள் கிளிக் செய்தால் எக்ஸெலில் திறக்கும். எக்ஸெல் இல்லாதவர்கள் லிப்ரே ஆபீஸை இலவசமாக டவுன்லோட் செய்து அதில் உள்ள கால்க் புரோகிராமைப் பயன்படுத்தலாம். தேதியை மட்டும் ஒருமுறை சரிபாருங்கள். அமெரிக்க முறையில் மாதம் முன்னால் வரும். 5-ம் மாதம் 6-ம் தேதி, 6-ம் மாதம் 5-ம் தேதியாக மாறிவிடலாம்.

4. வெப்பநிலை உள்ள காலத்தைத் தேர்ந்தெடுத்து, இன்செர்ட் மெனுவில் சார்ட் என்பதைக் கிளிக் செய்து, லைன் வகையைத் தேர்ந்தெடுக்கவும். பகலில் மலை, இரவில் பள்ளம் என்று ஏழு முறை வந்தால் எல்லாம் சரி. கோடு சமமாக நீண்டால் ஏதோ நின்றுவிட்டது என்று பொருள்.

5. கீழே ஒரு காலி செல்லில் மேக்ஸ் பங்ஷனையும், அடுத்த செல்லில் மின் பங்ஷனையும் கொடுத்து, வெப்பநிலைக் காலம் முழுவதையும் தேர்ந்தெடுக்கவும். வாரத்தின் அதிக வெப்பமும் குறைந்த வெப்பமும் வந்துவிடும். கண்டிஷனல் பார்மாட்டிங் வசதியில் 32-க்கு மேல் உள்ள செல்களுக்குச் சிவப்பு நிறம் கொடுத்துவிட்டால் பார்த்த உடனே தெரியும்.

6. அமெரிக்கப் புத்தகங்களில் வெப்பநிலை பாரன்ஹீட்டில் இருக்கும். அதில் 32-ஐக் கழித்து, 5-ஆல் பெருக்கி, 9-ஆல் வகுத்தால் செல்சியஸ் கிடைக்கும். 88 பாரன்ஹீட் என்றால் சுமார் 31 செல்சியஸ்.

7. மாதம் ஒருமுறை இந்தப் போல்டரை ஒரு பென் டிரைவில் பேக்-அப் எடுத்து வையுங்கள். மருத்துவரிடம் போகும்போது அது கையில் இருக்க வேண்டும்.

காலிக் கூண்டில் ஒரு வாரம்

புது சாப்ட்வேரை டெஸ்ட் செய்யாமல் வாடிக்கையாளரிடம் கொடுப்பதில்லை. கூண்டும் அப்படித்தான். பச்சோந்தியைக் கொண்டு வருவதற்கு ஒரு வாரம் முன்பே எல்லாவற்றையும் மாட்டி, காலிக் கூண்டை ஓட விடுங்கள். பதிவில் கோடு சரியாக வருகிறதா பாருங்கள்.

அதன் பிறகு வேண்டுமென்றே தொல்லை கொடுங்கள். ஒரு நாள் மெயின் சுவிட்சை ஒரு மணி நேரம் அணைத்துவிட்டுப் போட்டுப் பாருங்கள். டைமர்கள் சரியான நேரத்தைக் காட்டுகின்றனவா? மறுநாள் இன்டர்நெட் மோடத்தின் பிளக்கைக் காலை முதல் இரவு வரை பிடுங்கி வையுங்கள். விளக்கு நேரத்துக்கு அணைகிறதா? மூன்றாம் நாள் டைமரைத் தவிர்த்து விளக்கை நேரடியாக 24 மணி நேரம் எரிய விடுங்கள். அறை அதிகச் சூடாக இருக்கும் பிற்பகலிலும் கிளையில் 32-க்கு மேல் போகாமல் இருக்கிறதா? இந்த மூன்று சோதனைகளையும் நான் முதலிலேயே செய்திருந்தால், அந்த 59 மணி நேரம் பிக்சலுக்கு வந்திருக்காது.

வளர்க்க முடியவில்லை என்றால் தோட்டத்தில் விட்டுவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். வளர்ப்பதற்காக ஹவாய் தீவுகளுக்குக் கொண்டுவரப்பட்ட ஜாக்சன் பச்சோந்திகள் 1972 முதல் அங்கே காட்டில் பெருகி, உள்ளூர்ப் பூச்சிகளையும் நத்தைகளையும் தின்று வருகின்றன. வளர்க்கத் தெரிந்த இன்னொருவரிடம் ஒப்படைப்பதே முறை.

இப்போது இரவு 7 மணிக்கு என் வீட்டில் "டிக்" என்று ஒரு சத்தம் கேட்கும். டைமர் விளக்கை அணைத்த சத்தம். பிக்சல் வாலைச் சுருட்டிக்கொண்டு வெளிறிய பச்சையில் தூங்கும். ஞாயிறு காலை லாகரைச் செருகி, ஏழு மலைகளையும் ஏழு பள்ளங்களையும் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் காபி குடிக்கிறேன். உங்கள் வீட்டு மீன் தொட்டியிலும் இந்த வாரமே ஒரு சென்சாரைப் போட்டுப் பாருங்கள். முதல் சார்ட்டிலேயே இதுவரை உங்களுக்குத் தெரியாத ஏதாவது ஒன்று தெரியவரும்.